மட்டக்களப்பு, அம்பாறை வெக்கையில் வீட்டு ரௌட்டரைக் காப்பாற்றுவது: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு வரும் ரௌட்டர்களில் பெரும்பாலானவற்றின் கையேட்டில் '0 முதல் 40 பாகை செல்சியஸ்' என்று ஒரு வரி இருக்கும். பலர் இதைப் பெட்டியின் சூடு என்று நினைக்கிறார்கள். அது பெட்டியைச் சுற்றி நிற்கும் காற்றின் சூடு. கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை எங்கள் பக்கத்தில் பின்னேரம் நிழலிலேயே 34, 35 பாகை வந்துவிடும். தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ போட்ட வீட்டுக்குள் அதற்கும் மேலே போகும். ஆக மிஞ்சுவது நாலைந்து பாகைதான். ரௌட்டரைக் கண்ணாடிக் கதவு போட்ட ரீவி அலுமாரிக்குள் வைத்தால் அதுவும் போய்விடும்.

சாதாரண ரௌட்டர் ஒன்று 5 முதல் 15 வாற் வரை இழுக்கும். இழுக்கிற கறண்டில் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் வெக்கையாகத்தான் வெளியேற வேண்டும். 10 வாற் என்று வைத்தால் மாதத்துக்கு ஏழு யூனிற்றுக்குக் கிட்ட. கரண்ட் பில்லில் அது பெரிதில்லை, ஆனால் உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் பெட்டிக்கு அது பெரிய சூடு. உள்ளே ஃபேன் கிடையாது. சூடான காற்று தானாக மேலே எழும்பிப் போக, கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைவது மட்டுமே அதற்கு இருக்கும் ஒரே வழி. அந்த வழியைத் திறந்து விடுவதுதான் முதல் வேலை. ஃபேன் வாங்குவது, உள்ளே அலுமினியம் ஒட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: வெக்கைதான் காரணமா என்று முதலில் பிடியுங்கள்

பெட்டி தொடும்போது சுடுவது மட்டும் பழுதுக்கு அடையாளம் இல்லை. உள்ளே இருக்கும் சிப் 70, 80 பாகையில் ஓடுவது வழக்கம்தான். வெளி மூடி வெதுவெதுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஐந்து விநாடி கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் மூடியே 50 பாகையைத் தாண்டியிருக்கும். அப்போது கவனியுங்கள்.

அதைவிட நம்பகமானது ரௌட்டரின் உள்பக்கம். பிரவுசரில் 192.168.1.1 என்று போடுங்கள். சில பெட்டிகளுக்கு 192.168.0.1, சில 4ஜி பெட்டிகளுக்கு 192.168.8.1. பெட்டியின் அடியில் முகவரியும் கடவுச்சொல்லும் எழுதியிருக்கும். 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் பெட்டி எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடுகிறது என்று காட்டும் ஒரு கணக்கு இருக்கும். இணையம் விட்டுப்போன உடனே அதைப் பாருங்கள். கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தால் பெட்டி தானாகவே அணைந்து எழும்பியிருக்கிறது. கறண்ட் கட் இல்லாத நேரம் இப்படி நடந்தால் காரணம் பெரும்பாலும் வெக்கை அல்லது அடப்டர். கணக்கு அப்படியே தொடர்ந்து ஓடுகிறது, இணையம் மட்டும் இல்லை என்றால் கோளாறு லைனில் இருக்கலாம்.

பைபர் இணைப்பில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய லைற் சிவப்பாக எரிந்தால் ஒளிச் சமிக்ஞை பெட்டிக்கு வந்து சேரவில்லை. கம்பி முறிந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். அதற்கும் வெக்கைக்கும் தொடர்பில்லை.

கணினி இருந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். லான் கேபிளால் ரௌட்டரோடு இணைத்து, கட்டளை தட்டும் கறுப்புத் திரைகள் (கொமாண்ட் புரொம்ப்ற்) இரண்டைத் திறந்து, ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கும் மற்றதில் வெளியே இருக்கும் கூகுளின் முகவரியான 8.8.8.8 க்கும், மறுபக்கம் பதில் சொல்கிறதா என்று கேட்கும் 'பிங்' கட்டளையை விடாமல் ஓட விடுங்கள். இரண்டும் ஒன்றாக நின்றால் பெட்டி தள்ளாடுகிறது. ரௌட்டர் ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வெளி முகவரி மட்டும் நின்றால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். வைஃபையில் இந்தச் சோதனை வேண்டாம். பக்கத்து வீட்டு வைஃபை, குசினி மைக்ரோவேவ் எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும்.

நேரத்தையும் பாருங்கள். சீற் போட்ட வீட்டில் உச்சி வெயிலிலிருந்து நாலு மணி வரை கூடாத நேரம், பொழுதுபட்டதும் வீடு ஆறிவிடும். காத்தான்குடி, கல்முனை போல நெருக்கமாகக் கட்டிய இடங்களில் கொங்கிறீற் சிலாப் போட்ட மேல்மாடி வீடுகள் அதிகம். சிலாப் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு எட்டு, ஒன்பது மணி வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். அதனால் அந்த வீடுகளில் இரவு நேரக் கோளாறும் வெக்கையாக இருக்கலாம். ஆனால் இரவு ஏழுக்கும் பத்துக்கும் இடையில் ஊரே வீடியோ பார்க்கிறது. வேகம் குறைவது மட்டும் என்றால், பெட்டி அணைந்து எழும்பாவிட்டால், அது நெரிசல்.

5 ஜிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும் மறைந்து மறைந்து வந்தால் உடனே சூடு என்று முடிவு கட்ட வேண்டாம். 52 இலிருந்து 144 வரையான சனல்களில் சிலவற்றில் ரேடார் சமிக்ஞை கேட்டதாக நினைத்தால் ரௌட்டர் தானாகவே அந்தச் சனலை விட்டு விலகிவிடும். சனலை 36 க்கும் 48 க்கும் இடையில் நிரந்தரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் பின்னேரத்தில் மட்டும் மறைந்தால் சந்தேகம் சூட்டின் மேல்தான்.

கடைசிச் சோதனைக்குக் காசு செலவில்லை. கோளாறு வரும் நேரம் பார்த்து மேசை ஃபேன் ஒன்றை ரௌட்டரின் மேல் மட்டும் நேராகத் திருப்பி இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். அடுத்த நாள் அதே நேரம் அடப்டரின் மேல் மட்டும் காற்றுப் படும்படி திருப்புங்கள். எந்த நாளில் கோளாறு நின்றதோ அந்தப் பக்கம்தான் குற்றவாளி. இரண்டு நாளும் நிற்கவில்லை என்றால் வெக்கை அல்ல.

படி 2: இடம்

பிரிஜ் மேல், ரீவிக்குப் பின்னால், இன்வேட்டர் அல்லது யூபிஎஸ் மேல், செற் டொப் பெட்டியோடு அடுக்கி வைப்பது: இவை எல்லாம் ஏற்கெனவே சூடு விடும் பொருள்கள். சாமி அறை மாடமும் கூடாது, விளக்கின் சூடும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து படியும். மேற்குப் பக்க வெளிச்சுவர் நல்ல இடம் போலத் தெரியும், ஆனால் பின்னேரம் அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். செங்கல்லே சுடும். உள்சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சூடான காற்று முகட்டில் தேங்கும். சீற் வீட்டில் ரௌட்டரை உயரத்தில் மாட்டினால் வைஃபை நன்றாகப் பரவும் என்பது உண்மைதான், ஆனால் முகட்டுக்குக் கிட்டப் போகப் போக வெக்கை ஏறும். நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றரிலிருந்து 1.8 மீற்றர் வரை போதும். சுற்றிலும் 10 சென்ரிமீற்றர், மேலே 15 சென்ரிமீற்றராவது வெறுமையாக இருக்க வேண்டும். லேஸ் துணி விரித்த மேசையில் துணியை எடுத்துவிடுங்கள், அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை அது அடைத்துவிடும். யன்னலிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி இருக்கட்டும். கச்சான் காலத்தில் வெயிலுக்காக, மாரியில் தூவானத்துக்காக.

மேசையில்தான் வைக்க வேண்டும் என்றால் அடியில் இரண்டு மரச்சட்டங்களை வைத்து 2 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். தண்ணீர்ப் போத்தல் மூடி நாலு வைத்தாலும் வேலை நடக்கும். துளைகள் மூடிக்குள் மறையாமல் ஓரத்தில் வையுங்கள்.

சுவரில் மாட்டுவது இதைவிட நல்லது. நிமிர்ந்து நிற்கும் பெட்டியின் இரு பக்கத்தாலும் காற்று எழும்பும். அடியில் சாவித்துளை போன்ற இரண்டு ஓட்டைகள் இருந்தால் மாட்டலாம். ஒரு தாளை அடிப்பக்கத்தில் வைத்து பென்சிலால் தேய்த்தால் ஓட்டைகளின் அச்சு விழும், அந்தத் தாளையே சுவரில் ஒட்டித் துளையிடுங்கள். 6 மில்லிமீற்றர் சுவர்ப் பிற், 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் பிளக், 4 மில்லிமீற்றர் ஸ்குரூ. தலையை 3, 4 மில்லிமீற்றர் வெளியே விட்டு நிறுத்துங்கள். சுவருக்குள் வயர் ஓடும் பாதை பெரும்பாலும் சுவிச்சுக்கும் பிளக் பொயின்ற்றுக்கும் நேர் மேலேயும் கீழேயும், சில வீடுகளில் நேர் பக்கவாட்டிலும் இருக்கும், அங்கே துளையிட வேண்டாம்.

பைபர் பெட்டியை நகர்த்துகிறவர்கள் கம்பியைக் கவனியுங்கள். 3 சென்ரிமீற்றர் ஆரைக்கும் குறைவாக வளைக்கக் கூடாது. கழற்றினால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது, உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். கம்பி எட்டாவிட்டால் இழுத்துக் கட்டாமல் நிறுவனத்துக்கே சொல்லி நீளமான கம்பி போடுங்கள்.

படி 3: அடப்டர். பாதிப் பிரச்சினை இங்கேதான்

ரௌட்டர் சூடாகிறது என்று புது ரௌட்டர் வாங்குகிற பலருக்கு உண்மையில் போயிருப்பது அடப்டர். அதற்குள் இருக்கும் மின்னாற்பகுப்புக் கொள்ளளவிகள் (மின்னைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் கப்பாசிற்றர்கள்) திரவம் நிறைந்தவை. வெக்கையில் அந்தத் திரவம் மெல்ல மெல்ல வற்றும். சூடு 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வற்றிய பிறகு அடப்டர் சும்மா இருக்கும்போது 12 வோல்ற் காட்டும், பெட்டி வேலை செய்யத் தொடங்கியதும் வோல்ற் சரிந்துவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போது மட்டும் பெட்டி அணைந்து எழும்புவதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

அளக்கும்போது இதை மறக்காதீர்கள். வெறும் அடப்டரின் நுனியில் மல்ரிமீற்றரை வைத்து 12 வந்தால் அடப்டர் நல்லது என்று அர்த்தமில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். ரௌட்டரைத் திறக்காமல் இதைச் செய்ய, இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் இரண்டாகப் பிரியும் டிசி வயர் ஒன்றைப் போட்டு, ஒரு கிளையை ரௌட்டருக்கும் மற்றதை மீற்றருக்கும் கொடுங்கள். முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ற் அடப்டர் சுமையில் 11.4 க்குக் கீழே போனால் மாற்றுங்கள்.

மாற்றும்போது வோல்ற் அதேயாக இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம். 12 வோல்ற் 1 அம்பியருக்குப் பதிலாக 12 வோல்ற் 2 அம்பியர் போட்டால் ஒன்றும் ஆகாது, அடப்டர் குறைந்த சூட்டில் ஓடும். 9 வோல்ற் பெட்டிக்கு 12 வோல்ற் போடக் கூடாது. நடுப்பின் நேர்முனையா என்று அடப்டரில் உள்ள வட்டப் படத்தைப் பெட்டியில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். பிளக் பெரும்பாலும் வெளி விட்டம் 5.5, உள்துளை 2.1 மில்லிமீற்றர். 2.5 மில்லிமீற்றர் துளையுள்ளதைப் போட்டால் உள்ளே போகும், ஆனால் தளர்வாக இருந்து தொடுமிடத்திலேயே சூடேறும்.

அடப்டரை எங்கே செருகுகிறீர்கள் என்பதும் கணக்கில் உண்டு. பழைய உருண்டைப் பின் பொயின்ற்றில் 13 அம்பியர் மாற்றுப் பிளக்கைச் செருகி, அதில் மல்ரிபிளக்கைச் செருகி, அதில் அடப்டரைச் செருகுவது எங்கள் வீடுகளில் சாதாரணமாகக் காணும் காட்சி. ஒவ்வொரு தளர்ந்த இணைப்பும் ஒரு சின்ன அடுப்பு. பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிந்தால், கழற்றும்போது பின் சுட்டால், அந்தப் பொயின்ற்றை எலக்ரீசியனைக் கொண்டு மாற்றுங்கள். பொழுதுபட்டால் வோல்ற் குறையும் கிராமங்களில் இன்னொன்றும் நடக்கும். இந்த அடப்டர்கள் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும், ஆனால் வோல்ற் குறையக் குறைய அதே வேலைக்குக் கூடுதல் அம்பியர் இழுத்துச் சூடாகும். அதனால் அடப்டரையும் அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்காமல் காற்றுப் படும் இடத்தில் விடுங்கள்.

படி 4: 4ஜி பெட்டி வைத்திருப்பவர்கள்

பைபர் போகாத பக்கங்களில் சிம் போட்ட 4ஜி ரௌட்டர்தான் வழி. சமிக்ஞை கிடைக்கட்டும் என்று அதை யன்னல் கட்டில் வைப்பார்கள், வெயில் நேரே விழும். சமிக்ஞை பலவீனமாக இருந்தால் ரௌட்டர் கோபுரத்துக்குக் கேட்கும்படி உரக்கக் கத்த வேண்டும், அதாவது கூடுதல் வலுவில் அனுப்ப வேண்டும். அப்போது சூடு உள்ளிருந்தும் ஏறும்.

ரௌட்டரின் உள்பக்கத்தில் சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் 'ஆர்எஸ்ஆர்பி' என்ற எண்ணைப் பாருங்கள். மறை 80, 90 நல்லது. மறை 100 க்கு அப்பால் போனால் பலவீனம், மறை 110 என்றால் இடத்தை மாற்றியே ஆக வேண்டும். கோபுரம் இருக்கும் பக்கத்து நிழல் சுவர் ஒன்றைத் தேடிப் பெட்டியை அரை மீற்றர் அரை மீற்றராக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் விட்டு எண்ணைக் குறியுங்கள். பின்னால் அன்ரெனா பூட்டும் வாய் இருந்தால் வெளி அன்ரெனாவைக் கூரைக்கு அனுப்பிவிட்டுப் பெட்டியை நிழலில் வைக்கலாம். வாய் இல்லை என்றால் பெட்டியைச் சமிக்ஞை கிடைக்கும் நிழல் அறையில் விட்டு, அங்கிருந்து லான் கேபிள் இழுத்து ஹோலில் இன்னொரு வைஃபை பெட்டி போடுங்கள். கேபிள் 100 மீற்றர் வரை போகும்.

பற்றரி உள்ள கைப்பெட்டிகளை நாள் முழுக்கச் சார்ஜில் போட்டு வைப்பது நல்லதல்ல. லிதியம் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது.

படி 5: துப்புரவு

கல்லடி, கல்முனை, திருக்கோவில் போன்ற கடலோர இடங்களில் தூசி தனியாக வருவதில்லை, உப்போடு வரும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், லான் வாயின் செப்புப் பற்களில் பச்சை படியும், டிசி பிளக்கில் வெள்ளை படியும். கடலோர வீட்டில் மாதம் ஒரு தடவை, கடலிலிருந்து தள்ளிய ஊரில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

கறண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கால் மணித்தியாலம் ஆற விடுங்கள். காய்ந்த பெயின்ற் பிறஷ் ஒன்றால் துளைகளை வெளிப்பக்கமாகத் தேய்த்து, இறப்பர் ஊதியால் ஊதுங்கள். சைக்கிள் கடைக் கொம்பிறசரில் கொண்டுபோய் ஊதுவிப்பவர்கள் உண்டு. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், வேண்டாம். இணைப்பு முனைகளை 99 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பத்து நிமிடம் உலர விட்டுப் பூட்டுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் கூடாது.

எறும்புக்கும் பல்லிக்கும் வெதுவெதுப்பான பெட்டி பிடிக்கும். துளைக்குள் கொசு மருந்து அடிக்காதீர்கள், அந்த எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டும். தட்டைச் சுற்றி எறும்புச் சோக்கால் கோடு போட்டால் போதும்.

ஈரத் துணி போர்த்துவது, ஐஸ் பை வைப்பது, குளிரூட்டியின் வாய்க்கு நேரே வைப்பது ஆகிய மூன்றும் கூடாது. குளிர்ந்த பெட்டியின் மேல் எங்கள் ஈரக் காற்று பட்டால் உள்ளே தண்ணீர் பூக்கும்.

படி 6: இதற்குப் பிறகும் போதாவிட்டால் ஃபேன்

120 மில்லிமீற்றர் அகலமுள்ள யூஎஸ்பி ஃபேன் ஒன்றை மெதுவாக ஓட விடுவது, 40 மில்லிமீற்றர் சின்ன ஃபேனைக் கிறீச்சிட வேகமாக ஓட விடுவதைவிட நல்லது. சத்தம் குறைவு, தூசியும் குறைவாக அள்ளும். ரௌட்டருக்கு 2 சென்ரிமீற்றர் தள்ளி, காற்று அடித்துளை வழியாக உள்ளே போகும்படி வையுங்கள். சுவரில் மாட்டிய பெட்டிக்குக் கீழிருந்து மேல் நோக்கி.

ரௌட்டரிலுள்ள யூஎஸ்பி வாயில் ஃபேனைச் செருக வேண்டாம். 12 வோல்ற் 1 அம்பியர் அடப்டர் கொடுப்பது 12 வாற். பெட்டியே 8, 10 வாற் இழுக்கும். அதன் மேல் ஃபேனும் ஒன்றரை வாற் இழுத்தால் அடப்டர் மூச்சுத் திணறும். பழைய போன் சார்ஜர் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். கடலைப் பார்த்த வீடுகளுக்கு எங்கள் அபிப்பிராயம், முடிந்தவரை ஃபேன் இல்லாமலே சமாளியுங்கள். ஃபேன் உப்பையும் சேர்த்து உள்ளே தள்ளும்.

மூடியைத் திறந்து சிப்பின் மேல் அலுமினியத் துண்டு ஒட்டுவது சொந்தமாக வாங்கிய, உத்தரவாதம் முடிந்த பெட்டிக்கு மட்டும். நிறுவனம் கொடுத்த பைபர் பெட்டி உங்களுடையது அல்ல.

படி 7: மினி யூபிஎஸ்

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் போன காலத்தில் பலர், கறண்ட் இல்லாதபோதும் ரௌட்டரை ஓட வைக்கும் சின்னப் பற்றரிப் பெட்டியான மினி யூபிஎஸ் வாங்கினார்கள். அந்தப் பற்றரிகள் இப்போது கிழடாகிவிட்டன. யூபிஎஸ் பெட்டியை வயர்களிலிருந்து கழற்றி மேசையில் வையுங்கள். ஆடாமல் தட்டையாக நின்றால் சரி. வயிறு ஊதி ஆடினால் அன்றோடு நிறுத்துங்கள். குத்தவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. நல்ல நிலையில் உள்ளதையும் ரௌட்டரின் கீழோ மேலோ அடுக்காமல் பக்கத்தில் 10 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். உங்கள் ரௌட்டர் 12 வோல்ற் 2 அம்பியர் கேட்கிறது, யூபிஎஸ் 1 அம்பியர்தான் கொடுக்கிறது என்றால் இரண்டும் சூடாகும். 9, 12 என்று பல வாய்கள் உள்ளதில் செருகுமுன் வாயின் எண்ணை இரண்டு தடவை வாசியுங்கள்.

படி 8: உள் அமைப்புகள்

இதில் பெரிய இலாபம் இல்லை. 2.4, 5 ஜிகாஹேர்ட்ஸ் வைஃபை பட்டைகளில் பாவிக்காத ஒன்றை நிறுத்துங்கள், இரவு படுக்கும்போது வைஃபையை நிறுத்தும் அட்டவணை இருந்தால் போடுங்கள், யூஎஸ்பி ஹாட்டிஸ்க் செருகியிருந்தால் கழற்றுங்கள். சின்ன வீட்டில் அனுப்பும் வலுவை ஒரு படி குறைக்கலாம். தினமும் ஒரு தடவை அணைத்துப் போடுவதால் வெக்கை தீராது, கொஞ்ச நேரத்தில் பழைய சூட்டுக்கே வந்துவிடும்.

நிறுவனத்துக்குச் சொல்வதற்கு முன்

இத்தனையும் செய்து, நிழலில் காற்றோட்டமாக வைத்தும் பின்னேரங்களில் பெட்டி அணைந்து எழும்பினால் அது மாற்ற வேண்டிய பெட்டி. அழைக்கும்போது வெறுமனே 'இணையம் வேலை செய்யுதில்லை' என்றால் லைனைச் சோதித்துவிட்டு முடித்துவிடுவார்கள். எந்தெந்த நேரத்தில் அணைந்தது, ஓடிய கணக்கு பூச்சியமானதா, எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்ததா, சுமையில் அடப்டரின் வோல்ற் எவ்வளவு: இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பெட்டியை மாற்ற வருகிறவர் பழைய அடப்டரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றப் பார்க்கலாம். புதுப் பெட்டியோடு புது அடப்டரையும் கேட்டு வாங்குங்கள், அது எத்தனை வோல்ற், எத்தனை அம்பியர் என்று அவர் நிற்கும்போதே வாசித்துப் பாருங்கள்.